முடக்குவாதம் ஏன் பெண்களுக்கே அதிகம் வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது இரண்டு கை விரல்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடிவதில்லை. பாப்பாவின் சட்டைப் பொத்தானைக்கூட மாட்ட முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கை வழிக்கு வருகிறது. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று சொல்லி டாக்டர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினார், தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார். நான் இன்னும் மாத்திரையைத் தொடவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால் வந்தது, நாட்டு மருந்துப் பொடி போதும் என்கிறார் அத்தை (மாமியார்). என் அம்மாவுக்கும் இதே நோய், விரல்கள் கோணிவிட்டன. அப்பா, அண்ணன், மாமா யாருக்கும் இல்லை. பெண்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? நான் ஏதாவது தப்புச் செய்தேனா? என் மகளுக்கும் வருமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தை சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதம் முழுக்க அந்த உறுத்தல்தான் தெரிகிறது. பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால் முடக்குவாதம் வராது. பத்தியம் தவறியதாலும் வராது. உங்களுக்குப் பாசிட்டிவ் என்று வந்த ஆன்டி சி.சி.பி. இருக்கிறதே, அந்த எதிர்ப்பொருள் (நோய் எதிர்ப்புச் சக்தி உருவாக்கும் புரதம்) பலருக்கு மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் இருக்கும். நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களில் பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களைத் தேடி, அவர்கள் முன்பு கொடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தத்தில், நோய் வெளிப்படும் முன்பே இந்த எதிர்ப்பொருளோ ஆர்.ஏ. ஃபேக்டரோ இருந்தது. உங்கள் உடம்பிலும் இந்த நோய்க்கான வேலை பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அத்தை கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஏற்கெனவே வீங்கிய விரல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்னும் விறைக்கும், அதனால் தண்ணீர்தான் காரணம் என்று தோன்றிவிடுகிறது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சரி, பெண்களுக்கு மட்டுமா வருகிறது? இல்லை, ஆண்களுக்கும் வருகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் இந்த நோயோடு இருந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள். இந்த வித்தியாசம் எல்லா வயதிலும் ஒரே அளவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளை பெறும் வயதில் இடைவெளி பெரிது. 60 வயதுக்கு மேல் புதிதாக நோய் வருபவர்களை எடுத்துக்கொண்டால் ஆணும் பெண்ணும் நெருங்கி வந்துவிடுகிறார்கள். பெண்ணின் உடம்பில் வயதோடு மாறுகிற ஏதோ ஒன்றுக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதற்கு இதுவே நல்ல தடயம்.

அடிப்படையில் பெண்ணின் நோய் எதிர்ப்புச் சக்தி ஆணுடையதைவிட வேகமானது. ஒரே தடுப்பூசியை இருவருக்கும் போட்டால் பெரும்பாலும் பெண்ணின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் கூடுதலாக உருவாகிறது. பல தொற்று நோய்களில் ஆண்கள் அதிகம் இறக்கிறார்கள். கொரோனாவிலும் அதைப் பார்த்தோம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தன் எதிர்ப்பொருளைக் கொடுத்து அனுப்ப வேண்டியவளும் தாய்தான். இந்த வலிமைக்கு ஒரு விலை உண்டு. நன்றாகச் சாணை பிடித்த அரிவாள்மனை காயையும் சீக்கிரம் நறுக்கும், கவனம் பிசகினால் விரலையும் சீக்கிரம் வெட்டும். அந்த எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கும் நோய்கள் பலவும் பெண்களிடம் அதிகம் இருப்பதற்கு இதுவே பின்னணி. லூபஸ் நோயில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். தைராய்டைத் தாக்கும் நோயும் பெண்களிடமே அதிகம். முடக்குவாதத்தில் தாக்குதல் நடக்கும் இடம் மூட்டின் உள்சவ்வு. அது வீங்கித் தடித்துப் பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. எல்லா மூட்டு நோயும் பெண்களுக்கே அதிகம் என்று எண்ணிவிட வேண்டாம். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆண்களுக்குத்தான் அதிகம்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஒரு பதில் எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று. எதிர்ப்புச் சக்தியை நடத்தும் மரபணுக்கள் பல அதில்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும் என்பதால், பெண்ணின் ஒவ்வொரு செல்லும் தன் எக்ஸ் இரண்டில் ஒன்றை மூடி வைக்கிறது. ஆனால் முழுவதும் மூடுவதில்லை, சில மரபணுக்கள் தப்பித்து இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன. பிறவியிலேயே ஒரு எக்ஸ் கூடுதலாக உள்ள ஆண்களுக்கு லூபஸ் போன்ற நோய்கள் மற்ற ஆண்களைவிட மிக அதிகம் வருவது இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 2024ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். ஒரு எக்ஸை மூடும் வேலையைச் செய்வது சிஸ்ட் (Xist) என்ற மூலக்கூறு. அது இயல்பாகப் பெண்களிடம் மட்டுமே இருக்கும். அதை ஆண் எலிகளில் உருவாக வைத்து, லூபஸ் போன்ற நோயைத் தூண்டியபோது அந்த ஆண் எலிகளையும் நோய் பெண் எலிகளைப் போலவே தாக்கியது. அது எலிகளில், அதுவும் லூபஸில் கண்டது. முடக்குவாதத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பெண்ணாகப் பிறந்ததிலேயே இதன் வேர் ஒன்று இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

அடுத்தது ஹார்மோன். உங்கள் கதையோடு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "ஈஸ்ட்ரோஜன் அதிகம், அதனால் பெண்களுக்கு வாதம்" என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் கர்ப்ப காலத்தில் நோய் மோசமாக வேண்டும், மாதவிலக்கு நின்ற பிறகு அடங்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. கர்ப்பத்தில் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி நன்றாகக் குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டித்தான் பல பெண்களுக்கு நோய் புதிதாகத் தொடங்குகிறது. சீக்கிரமே மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஈஸ்ட்ரோஜன் அளவோடு இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது, மிக அதிகமாகும்போது அதன் சில வேலைகளை அடக்குகிறது. ஆகவே அளவைவிட ஏற்ற இறக்கம்தான், குறிப்பாகத் திடீர் இறக்கம்தான், முக்கியம் என்று தோன்றுகிறது.

கர்ப்பத்தில் வலி குறைவதை மருத்துவ உலகுக்கு அழுத்தமாகச் சொன்னவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ஃபிலிப் ஹென்ச். 1938ல் அவர் எழுதினார்: கர்ப்பமானதும் வலி குறைகிறது, பிரசவம் ஆனதும் திரும்புகிறது. மஞ்சள் காமாலை வந்த நோயாளிகளுக்கும் மூட்டு வலி தற்காலிகமாக மறைவதை அவர் முன்பே கவனித்திருந்தார். காமாலை ஆண்களுக்கும் வரும், ஆகவே இது பெண்களின் ஹார்மோன் மட்டும் செய்யும் வேலை இல்லை, இரு பாலருக்கும் பொதுவான ஏதோ ஒரு பொருள் உடம்பில் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். அந்தத் தேடல் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசோனில் போய் நின்றது. 1948 செப்டம்பரில் முதன்முதலாக அந்த ஊசியைப் பெற்ற முடக்குவாத நோயாளி ஒரு பெண், உங்கள் வயதுதான், 29. படுக்கையோடு கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950ல் ஹென்ச் அதற்காக இன்னும் இருவரோடு நோபல் பரிசு பெற்றார். இன்று நாங்கள் எழுதும் ஸ்டீராய்டு மாத்திரைகளின் தொடக்கம் அதுதான். கர்ப்பிணிகளைக் கவனமாகப் பார்த்ததில் இருந்து ஒரு மருந்தே பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கர்ப்பத்தில் ஏன் அடங்குகிறது? பிள்ளையின் உடம்பில் பாதி அப்பாவுடையது, தாயின் உடம்புக்கு அந்நியம். அதைத் தாக்காமல் இருக்கத் தாயின் எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதமும் தன்னை அடக்கிக்கொள்கிறது. எச்.எல்.ஏ. என்ற மரபணு அடையாளத்தில் தாயும் பிள்ளையும் எவ்வளவு வேறுபடுகிறார்களோ, அந்த அளவுக்கு நோய் அடங்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று 1993லேயே ஓர் ஆய்வு காட்டியது. பிரசவம் ஆனதும் இந்த அடக்கம் விலகுகிறது. ஈஸ்ட்ரோஜனும் கார்ட்டிசோலும் சட்டென்று சரிகின்றன, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. அந்தச் சில மாதங்களில், குறிப்பாக முதல் பிரசவத்துக்குப் பின், முடக்குவாதம் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. உங்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொடங்கியது அந்தக் காலத்துக்குள் அப்படியே பொருந்துகிறது.

இதைத்தான் நம் வீடுகளில் "பிரசவ உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள். டாக்டர்களும் சில நேரம் கால்சியம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிப்பது வேறு, அது பெரும்பாலும் தசைநாண் வீக்கம், ஓய்வில் சரியாகும். இரண்டு கைகளிலும், விரல் தொடங்கும் முட்டிகளிலும் நடு முட்டிகளிலும் வீக்கம், காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, புறங்கையைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அமுக்கினாலே சுள்ளென்ற வலி, ஆறு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அது பிரசவ உடம்பு இல்லை. நம் ஊரில் சிக்குன்குனியாவும் மாதக்கணக்கில் இதே மாதிரி மூட்டை வீங்க வைக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறது. உங்களுக்கு இரண்டு எதிர்ப்பொருளும் இருப்பதால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

பெண் என்பது மட்டுமே காரணம் இல்லை. எச்.எல்.ஏ. மரபணுவின் சில வகைகள் நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன, அவை அம்மாவிடம் இருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். புகைபிடித்தல் மிகப் பெரிய வெளிக் காரணம், ஆண்களிடம் குறிப்பாக. நம் ஊரில் புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், இருந்தும் நோய் பெண்களுக்கே கூடுதல். உடம்பின் பங்கு எவ்வளவு பெரிது என்று இதிலேயே தெரியும். உங்கள் வேலையையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வில், துணித் தூசியில் வேலை பார்த்த பெண்களுக்கு முடக்குவாத வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது, அந்த மரபணுவும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். உங்களுக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் திரும்ப வேலைக்குப் போனால் மூக்கை மூடும் நல்ல மாஸ்க் போடுங்கள், பஞ்சு பறக்கும் பிரிவைத் தவிர்க்க முடிந்தால் கேட்டுப் பாருங்கள்.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதமாக வீக்கம் இருக்கிறது, மருந்து தொடங்கவில்லை. தயவுசெய்து இனியும் தள்ளிப்போடாதீர்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில் நோயை அடக்கினால் விரல் கோணாமல் காப்பாற்ற முடியும். எலும்பு அரித்த பிறகு எந்த மாத்திரையும் அதைத் திருப்பித் தராது. உங்கள் டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதியது சரியான முடிவு, இந்த நோய்க்கு முதல் மருந்து அதுதான். பால் கொடுக்கும்போது அது கூடாது என்று சொன்னதும் சரி. ஆனால் பாலா மாத்திரையா என்று நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், குறைந்த அளவு பிரெட்னிசலோன் ஆகியவற்றைப் பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம். "இன்னும் சில மாதம் பால் கொடுக்க ஆசைப்படுகிறேன், அதுவரை வேறு மாத்திரை தர முடியுமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நோய் வேகமாக இருக்கிறது, காத்திருக்க முடியாது என்று அவர் சொன்னால், ஏழு மாதக் குழந்தை திட உணவு தொடங்கும் வயதில்தான் இருக்கிறது, பாலை நிறுத்துவதில் பாவம் ஒன்றும் இல்லை. குழந்தையைத் தூக்கக் கை வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. ஞாயிறு என்றால் ஞாயிறு, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட், டாக்டர் சொன்ன நாளில். ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்க்கும் பரிசோதனை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், ஒரு மாதத்தில் குறையவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வெறும் வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், எலும்பு அரிப்பைத் தடுக்காது.

நாட்டு மருந்துப் பொடி பற்றி: பெயரோ சேர்மானமோ எழுதாத பொட்டலம் எதையும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போவதானால் இரண்டு மருத்துவருக்கும் விஷயம் தெரியட்டும், டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டில் துணி பிழிவது, இடியாப்ப உரலை அமுக்குவது, குடத்தை விரல்களில் தூக்குவது இவற்றை வீக்கம் அடங்கும் வரை மற்றவர்கள் செய்யட்டும். காலையில் கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள். இதைக் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். வெளியில் பார்க்க நன்றாக இருக்கும் பெண் பத்து மணி வரை கை மடக்க முடியாமல் இருப்பது மற்றவர்களுக்குப் புரிவதில்லை.

இன்னொரு குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் திட்டமிட்டு. மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். எடுக்கும் காலம் முழுக்க நம்பகமான கருத்தடை வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் பொதுவாக மூன்று மாதம் முன்பே நிறுத்தி, கர்ப்பத்தில் ஆகும் மாத்திரைக்கு மாற்றுவோம். லெஃப்ளுனோமைடு என்ற வேறு மாத்திரையை எழுதினால் இதைவிடக் கவனம் தேவை, அது உடம்பைவிட்டுப் போக நெடுநாள் ஆகும். குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. பிரசவத்துக்குப் பிறகு மறுபடி கிளம்பலாம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், அந்த முறை நாமும் தயாராக இருப்போம்.

மகளுக்கு வருமா? தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அடிப்படை வாய்ப்பே சிறியது. மரபணு முழுக்க ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது 100க்கு ஏறக்குறைய 15 தான். முடக்குவாதம் உள்ள தாய்மாரின் மகள்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. குழந்தைக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். கோணிய விரல்களை மாத்திரை நிமிர்த்தாது, ஆனால் நோய் அவருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை. மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டும், நுரையீரலில் தழும்பு உண்டாக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணின் எலும்பை இன்னும் மெலிய வைக்கும். அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கான மருந்துகள் கிடைக்கின்றன, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு. அவருக்கு மூச்சு வாங்குகிறதா, கழுத்து வலி கைக்கு இறங்குகிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய எக்ஸ்ரே, பழைய மருந்துச் சீட்டு எது இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள்.